நடப்பதற்கு முன் எழுதிய செய்தி

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கில டீச்சராக இருப்பவர் பாடம் நடத்துவது போக மீதி நேரத்தில் பள்ளிக்கூடத்தையே நடத்த வேண்டும். ஆண்டு விழா அழைப்பிதழ், வரவேற்புரை, நன்றியுரை, பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது, மாடிப்படி ஓரத்துச் சுவர்ப் பத்திரிகை, ஆண்டு மலர் எல்லாம் அவர் தலையில்தான் விழும். பிரின்சிபாலின் மைத்துனிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது பத்திரிகையின் ஆங்கில வாசகத்தைத் திருத்திக் கொடுத்ததும் எங்கள் மிஸ்தான். தமிழ் ஐயாவிடம் யாரும் இப்படி வேலை வாங்கி நான் பார்த்ததில்லை. அவர் மணி அடித்தால் வருவார், மணி அடித்தால் போவார்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. பள்ளி மயிலாப்பூரில், கோயில் குளத்திலிருந்து நடந்தே போய்விடலாம். நான் பதினொன்றாம் வகுப்பு. மிஸ் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம், இன்னும் பர்மனென்ட் ஆகவில்லை. அவருடைய மகள் எங்கள் பள்ளியிலேயே எல்.கே.ஜி. டீச்சரின் குழந்தை என்பதால் கிடைத்த இடம் அது. அம்மாவுக்கு வேலை போனால் குழந்தைக்கு இடமும் போகும். தாயும் மகளுமாகப் பின்தெருவில் ஒரு போர்ஷனில் குடியிருந்தார்கள். கணவரைப் பற்றி மிஸ் பேசியதே இல்லை. அவருக்கும் சேர்த்து ஸ்டாஃப் ரூமில் மற்றவர்கள் பேசினார்கள். நோட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருகிற பிள்ளைகளுக்கும் காது உண்டு என்பது எந்த டீச்சருக்கும் நினைவிருப்பதில்லை.

நான் அசல் பயந்தாங்கொள்ளி. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால் 'இறங்கணும்' என்று சத்தமாகச் சொல்லப் பயந்து அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்திருக்கிறேன். நாய், கெமிஸ்ட்ரி லேப், வீட்டுக்காரரின் மனைவி, எல்லாமே பயம். மைக் முன்னால் மட்டும் பயம் வராது. காரணம் சாதாரணமானது. அங்கே பேசுவது நானில்லை, மிஸ் எழுதிக்கொடுத்த வாக்கியம். அதை மனப்பாடம் செய்து, அவர் சொன்ன இடத்தில் மூச்சு வாங்கி, அவர் சொன்ன இடத்தில் குரலை இறக்கினால் போதும். தப்பு வந்தால் அது என் தப்பு இல்லை என்ற தைரியம்.

மதிய இடைவேளையில் மிஸ் ஒரு பிரஸ் கிளப் நடத்தினார். ஏழெட்டுப் பேர் சாப்பாட்டு டப்பாவோடு உட்கார்ந்திருப்போம். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்று ஆறு கேள்விக்கும் பதில் இருந்தால்தான் செய்தி என்பார். ஒரு தடவை வாலிபால் டீம் வீரமாகப் போராடித் தோற்றது என்று சுவர்ப் பத்திரிகையில் எழுதிவிட்டேன்.

"மேட்ச் பார்த்தியாடி?" என்றார் மிஸ்.

"இல்ல மிஸ். தோத்தாங்கன்னு சொன்னாங்க."

"தோத்தது சரி. வீரமா தோத்தாங்கன்னு உனக்கு யாரு சொன்னா?"

அந்தத் தாளை நானே பிய்த்து எடுத்து, நானே திருப்பி எழுதி ஒட்டினேன். பசை காய்கிறவரை பக்கத்திலேயே நின்றார். அவ்வளவு கறார்.

அப்படிப்பட்டவரிடம்தான் பிரின்சிபால் அந்த வேலையைச் சொன்னார். சார்ட் பேப்பருக்குக் கையெழுத்து வாங்க நானும் அவருடைய அறையில் நின்றிருந்தேன். பிரின்சிபால் ஏதாவது புதிதாகச் செய்ய வேண்டும் என்ற அரிப்பு பிடித்த மனிதர். செய்வதெல்லாம் அடுத்தவர் கையால்.

"இந்த வருஷம் ஆண்டு மலரை விழா மேடையிலேயே சீஃப் கெஸ்ட் கையால வெளியிடறோம். இந்த வருஷ விழாச் செய்தியும் அதுலயே இருக்கணும். அடுத்த வருஷ மலர்ல போட்டா பழைய சோறு மாதிரி இருக்கு."

மிஸ் தயங்கினார். "சார், விழாவே அன்னிக்குத்தானே சார்?"

"புரோகிராம் எல்லாம் முடிவாயிடுச்சு இல்ல? என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? ஜட்ஜ் வருவார், பேசுவார், பரிசு குடுப்பார், நீங்க நன்றி சொல்வீங்க. எழுதிடுங்க." பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: "விழா நல்லபடியா முடியட்டும். உங்க பர்மனென்ட் ஆர்டரை அப்புறம் எடுக்கறேன்."

மிஸ் "சரி சார்" என்றார். வராந்தாவுக்கு வந்ததும் என்னைப் பார்த்து, "நீ எழுது. ஸ்டூடன்ட் எழுதினா நல்லா இருக்கும்," என்றார்.

"நடக்காததை எப்படி மிஸ் எழுதறது?"

"நடக்கும்டி. எப்போதுங்கறதைத் தவிர மத்ததெல்லாம் உண்மைதான்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எழுதினேன். அழகான ஆங்கிலத்தில், எல்லாம் இறந்த காலத்தில். ஓய்வு பெற்ற நீதிபதி அவர்கள் பாண்டு வாத்தியத்துடன் வரவேற்கப்பட்டார். மழலையரின் மலர் நடனம் அனைவரையும் கவர்ந்தது. ஒழுக்கமே கல்வியின் அஸ்திவாரம் என்று நீதிபதி வலியுறுத்தினார். தம் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றை அவர் சுவைபடக் கூறியபோது அரங்கமே சிரிப்பில் அதிர்ந்தது. என்ன நிகழ்ச்சி என்று நான் எழுதவில்லை. மலரில் வருகிற எந்தச் செய்தியிலும் எழுதுவதில்லை. எல்லாத் தலைமை விருந்தினருக்கும் இளமைக்காலம் உண்டு, அதில் ஒரு நிகழ்ச்சியும் உண்டு.

எழுதி முடித்த அன்றிலிருந்து பயம் பிடித்துக்கொண்டது. ராயப்பேட்டையில் இருந்த அச்சகத்துக்கு மிஸ்ஸோடு நானும் புரூஃப் பார்க்கப் போனேன். கடைசி பதினாறு பக்கத்தை அச்சகத்தில் கடைசி ஃபாரம் என்பார்கள். அதற்காக மெஷின் காத்திருந்தது. மெஷின்காரர் தாளைக் கையில் வாங்கி, தேதியைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"இன்னா மேடம், விழா வர்ற வெள்ளிக்கிழமைன்னு சொல்லிக்கினு இருந்தீங்க. இங்க முடிஞ்சா மாதிரி கீது?"

"முடிஞ்சிடும். நீங்க அடிங்க," என்றார் மிஸ்.

"நமக்கு இன்னா மேடம், குடுக்கற மேட்டரை அடிக்கிறோம்," என்று அவர் போய்விட்டார். மெஷின் ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. இனி இது நடந்தே ஆக வேண்டும். நடக்காவிட்டால் மிஸ்ஸின் வேலை போய்விடும் என்று ஸ்டாஃப் ரூம் ஜோசியம் தெரிந்த எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க நான் நானாக இல்லை. நீதிபதிக்கு வயது எழுபதுக்கு மேல். காலையில் பேப்பர் வந்ததும் 'காலமானார்' பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன். அவர் பெயர் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பல் தேய்ப்பேன். அப்பா தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பகுதி பார்த்துக்கொண்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் கேட்டார்.

"ஏட்டி, யாரு செத்தா? காலங்காத்தால இதையே பாத்துக்கிட்டு இருக்க?"

"யாரும் சாகலைப்பா."

"அப்ப எதுக்கு மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

பேப்பரை மடித்து அவரிடம் கொடுத்துவிட்டேன். மழை வருமோ, கரண்ட் போகுமோ, யாராவது தலைவர் மண்டையைப் போட்டு ஊர் முழுக்கக் கடையடைப்பு ஆகுமோ என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பயந்தேன். எங்கள் வீட்டருகே, அடையாறு பஸ் ஸ்டாப் பக்கத்துப் பிள்ளையாருக்குச் சிதறு தேங்காய் போடுவதாக வேண்டிக்கொண்டேன். அவர் வர வேண்டும், பேச வேண்டும், பரிசு கொடுத்துவிட்டுப் பத்திரமாக வீட்டுக்குப் போக வேண்டும். ஒன்றை மட்டும் நான் நினைத்தே பார்க்கவில்லை. மிஸ்ஸும் நினைக்கவில்லை, பிரின்சிபாலும் நினைக்கவில்லை. எங்கள் ஊரில் எந்தத் தலைமை விருந்தினரும் ஆண்டு மலரைத் திறந்து படித்ததாகச் சரித்திரமே கிடையாது. ரிப்பனை அவிழ்ப்பார், நெஞ்சுக்கு நேரே பிடிப்பார், போட்டோ எடுப்பார்கள், திருப்பிக் கொடுத்துவிடுவார். அதுதான் வழக்கம். மற்ற பிரதிகளை அடுத்த வாரம் பிள்ளைகளுக்குக் கொடுப்பதாகத் திட்டம். அதற்குள் செய்தி உண்மையாகியிருக்கும்.

வெள்ளிக்கிழமை மழை வரவில்லை. கரண்ட் போகவில்லை. நீதிபதி காரிலிருந்து இறங்கி நல்ல ஆரோக்கியத்தோடு நடந்து வந்தார். பாண்டு வாசித்தார்கள். மேடையின் இடது ஓரத்தில் மைக்கோடு நான். எனக்குப் பின்னால் திரை மறைவில் மிஸ். கடைசி வரிசை வரை பெற்றோர்கள் நிறைந்திருந்தார்கள். மலர் வெளியீடு. ரிப்பனை அவிழ்த்தார், நெஞ்சுக்கு நேரே பிடித்தார், போட்டோ எடுத்தார்கள். பிரின்சிபால் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். நீதிபதி அந்தக் கையைக் குலுக்கினார். மலரை எடுத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்தார்.

கலை நிகழ்ச்சிகள் முடிந்த பிறகுதான் அவருடைய உரை. நான் அடுத்த நடனத்தை அறிவித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவர் முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தார். வக்கீல் தன் கட்சிக்காரர் கொண்டு வந்த பத்திரத்தைப் படிப்பது மாதிரி, வரி விடாமல். வாழ்த்துச் செய்தி. பாத்திரக்கடை விளம்பரம். பிரின்சிபால் அறிக்கை. ஒரு பக்கத்தை முடித்ததும் விரலை நாக்கில் தொட்டு அடுத்ததைப் புரட்டினார்.

"மிஸ், படிக்கிறார்," என்றேன் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு.

மிஸ் திரையை விலக்கிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த பவுடர் தனியாகத் தெரிந்தது. "கூல் டிரிங்க்ஸ் அனுப்பு," என்றார். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி தட்டோடு போனாள். கையில் கிளாஸை வாங்கினால் புத்தகத்தைக் கீழே வைக்கத்தானே வேண்டும் என்று நினைத்தோம். அவர் கிளாஸைத்தான் கீழே வைத்தார்.

குறத்தி நடனம் முடிந்தது. அவர் கவிதைப் பக்கத்தில் இருந்தார். ஆறாம் வகுப்பின் யோகா. அவர் நகைச்சுவைத் துணுக்குகளைப் படித்தார், சிரிக்கவில்லை. இன்னும் நாலைந்து தாள்தான் பாக்கி. எல்.கே.ஜி. பிள்ளைகளின் மலர் நடனத்தை அறிவித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனால் ஜனங்கள் கை தட்டினார்கள். காகித இதழ்களைத் தலையில் கட்டிக்கொண்டு குழந்தைகள் வரிசையாக வந்தார்கள். மூன்றாவதாக வந்த ரோஜாப்பூ மிஸ்ஸின் மகள். ஆடாமல் நின்று கூட்டத்தில் யாரையோ தேடிக்கொண்டிருந்தது.

நீதிபதி நிமிர்ந்து குழந்தைகளைப் பார்த்தார். குனிந்து பக்கத்தைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி பக்கத்தைப் பார்த்தார். பிறகு பிரின்சிபால் பக்கம் சாய்ந்து மலரை நீட்டி, ஓர் இடத்தில் விரல் வைத்துக் காட்டினார்.

பிரின்சிபால் அதை அப்போதுதான் முதல் முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தார். நடிப்பென்றால் நடிப்பு, விழாவில் அதற்குத்தான் முதல் பரிசு கொடுத்திருக்க வேண்டும். கண்ணை அகல விரித்தார், தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் கையைக் காட்டினார். நீதிபதி ஒரு விரலை மடக்கி என்னைக் கூப்பிட்டார்.

அந்த இடத்திலிருந்து அவருடைய நாற்காலிக்கு எப்படிப் போனேன் என்று தெரியாது. பாட்டு சத்தமாக ஓடிக்கொண்டிருந்ததால் நாங்கள் பேசியது கூட்டத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

"இது யாரும்மா எழுதினா?"

"நான்தான் சார்."

"நன்னா எழுதியிருக்கே. நான் ஏதோ கதை சொன்னேன், எல்லாரும் சிரிச்சான்னு போட்டிருக்கே. என்ன கதை அது?"

நான் மலரில் அந்த வரியையே பார்த்தேன்.

"சரி, போறது. இன்னும் நடக்காத விழாவை நடந்துட்டதா எழுதுன்னு யாரு சொன்னா உனக்கு?"

பக்கத்து நாற்காலியில் பிரின்சிபால். அவர் என்னைப் பார்க்கவில்லை, குழந்தைகளைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார், ஆனால் காது முழுக்க என் வாயில்தான் இருந்தது. நீங்கதானே சார் சொன்னீங்க என்று சொன்னால் திங்கட்கிழமை என் கையில் டி.சி., மிஸ்ஸுக்கும் சீட்டு கிழியும். மிஸ் சொன்னார் என்றால் மிஸ்ஸுக்கு மட்டும். மேடையில் அந்த ரோஜாப்பூ அம்மாவைக் கண்டுபிடித்துவிட்டு, திரையைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தது.

"யாரும் சொல்லலை சார். நானாத்தான் எழுதிக் குடுத்தேன்."

"மிஸ்ஸுக்குத் தெரியாதா?"

"தெரியாது சார்."

பிரின்சிபால் உடனே பிடித்துக்கொண்டார். "ஆர்வக் கோளாறு சார், பசங்க. கடைசி நேரத்துல நேரா பிரஸ்ஸுக்குக் குடுத்திருக்கு பாருங்க." இவ்வளவு வேகமாக ஒருவர் பொய்யை வாங்கிக்கொள்வதை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பயத்தில் கோபத்துக்கு இடமில்லை. திரும்பி நடக்கும்போது, நீதிபதியின் நாற்காலிக்குப் பின்னாலேயே, திரை இடுக்கில் மிஸ்ஸைப் பார்த்தேன். நான் சொன்னது அவருக்குக் கேட்டிருந்தது. இரண்டு எட்டு வைத்து வந்து, இல்லை, இந்தப் பெண் சொல்வது உண்மையில்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் திரையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

நீதிபதி பேச எழுந்தார். கையில் மலர். ஆங்கிலத்தில் ஆரம்பித்து, "இந்தப் பத்திரிகையின்படி நான் ஏற்கெனவே பேசி முடித்துவிட்டேன், அதுவும் மிக நன்றாகப் பேசியிருக்கிறேன்," என்றார். கூட்டம் புரியாமல் முழித்தது. அவர் பக்கத்தை எடுத்து வாசித்துக் காட்டினார். இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றும் நினைவுக்கு வரவில்லை, அதனால் இன்று இந்த மேடையில் நடந்த நிகழ்ச்சியையே சொல்கிறேன் என்று சொல்லி, என்னைக் காட்டி, எல்லாவற்றையும் சுவைபடக் கூறினார். அரங்கமே சிரிப்பில் அதிர்ந்தது. நான் எழுதியபடியே.

அவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அவருக்கு அது நல்ல வேடிக்கை, வீட்டுக்குப் போய்ச் சொல்ல ஒரு விஷயம். பெற்றோர்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பிரின்சிபாலும் சிரித்தார், கழுத்து நரம்பு புடைக்க. கடைசியில் மிஸ் நன்றியுரை சொல்ல வந்தார். அதுவும் முன்கூட்டியே எழுதி மனப்பாடம் செய்ததுதான். மனசில் இருந்ததை மாற்ற அவருக்குத் தெம்பு இல்லை. நெஞ்சில் பதியும்படி உரையாற்றிய நீதிபதி அவர்களுக்கு நன்றி என்று அவர் சொன்னதும் கூட்டம் இன்னொரு தடவை சிரித்தது. எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நடு வாக்கியத்தில் மூச்சு வாங்கினார்.

திங்கட்கிழமை அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார்கள். முகூர்த்த நாள் கூட்டம், கடையில் யாரும் நகர முடியாது. அப்பா எப்படியோ கெஞ்சி ஒரு மணி நேரம் பர்மிஷன் வாங்கிக்கொண்டு, கழுத்திலிருந்த இஞ்ச் டேப்பைக் கழற்ற மறந்து வந்து நின்றார். பிரின்சிபால் அவரை உட்காரச் சொல்லவில்லை.

"உங்க பொண்ணு என்ன பண்ணிச்சு தெரியுமா? ஒரு ஹைகோர்ட் ஜட்ஜ் முன்னாடி ஸ்கூல் மானத்தை வாங்கிடுச்சு. டி.சி. குடுத்து அனுப்பறதைத் தவிர எனக்கு வேற வழியில்லை."

அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயா, சின்னப் பிள்ள. அறியாம செஞ்சிட்டா. இனிமே இப்படி வராதுய்யா." என் தோளைப் பிடித்து அழுத்தினார். "மன்னிப்புக் கேளுட்டி."

மிஸ்ஸைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் வந்து எனக்குப் பக்கத்தில், ஆனால் கை படாத தூரத்தில் நின்றார்.

"மேடம், இந்தப் பொண்ணு இப்படி எழுதினது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் பிரின்சிபால். அறையில் இருந்த நாலு பேரில் மூன்று பேருக்கு உண்மை தெரியும். தெரியாதவர் என் அப்பா ஒருவர்தான். கேள்வி அவருக்காகத்தான் கேட்கப்பட்டது.

மிஸ்ஸின் கையில் சாக்பீஸ் துண்டு ஒன்று இருந்தது. அதை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தார். சொல்லுங்கள் மிஸ் என்று மனசுக்குள் கத்தினேன். அடுத்த நிமிஷமே, ஐயோ சொல்லிவிடாதீர்கள் என்றும் கத்தினேன். இரண்டுமே நான்தான்.

"தெரியாது சார்," என்றார் மிஸ்.

நான் மன்னிப்புக் கேட்டேன். பிரின்சிபால் பெருந்தன்மையாக மன்னித்தார். டி.சி. இல்லை, இனி மேடை கிடையாது, பிரஸ் கிளப் கிடையாது. மலர்க் கட்டுகளிலிருந்து அந்தத் தாளைக் கிழித்துவிட்டுக் கொடுக்கப்போகிறார்கள். அப்பா அவரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, கேட் அருகே நின்று, "படிக்கதுக்குத்தானட்டி அனுப்புதேன்," என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பஸ் வந்ததும் ஓடிப் போய் ஏறிக்கொண்டார்.

வகுப்புக்குத் திரும்பும் வழியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மிஸ் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் வந்து கையைப் பிடித்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"உன்னை யாருடி அப்படிச் சொல்லச் சொன்னா? நான் கேட்டேனா உன்னை?" பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். "பெரிய இவளா நீ? இப்ப நான் தினமும் உன் மூஞ்சில எப்படி முழிக்கறது?"

தப்பு செய்தது மாதிரியே நின்றேன். அவர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு பிடித்திருந்த கையைத் தளர்த்தி, ஆனால் விடாமல், குரலை இறக்கினார்.

"அப்பாகிட்ட சொல்லிடுவியா?"

"இல்ல மிஸ்."

"யார்கிட்டயும் சொல்லிடாதேம்மா. ஆர்டர் இன்னும் கைக்கு வரலை. சத்தியமா சொல்லமாட்டியே?"

அதுவரை அவர் என்னிடம் எதையும் கேட்டுக்கொண்டதில்லை. சொல்வார், நான் செய்வேன். அவர் கண்ணில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த சமாச்சாரம். கெமிஸ்ட்ரி லேப் வாசலில் நான் நிற்கும்போது என் கண்ணில் இருப்பது. என்னைப் பார்த்து ஒருவர் பயப்படுவது அதுதான் முதல் தடவை. உடம்பெல்லாம் கூசியது. வெள்ளிக்கிழமை மேடையில்கூட அவ்வளவு பயந்திருக்கவில்லை.

அந்த மாதமே அவருக்கு ஆர்டர் வந்தது. குழந்தை யு.கே.ஜி. போனது. பன்னிரண்டாம் வகுப்பிலும் எங்களுக்கு அவர்தான். என் நோட்டில் சிவப்பு மை குறைந்துகொண்டே வந்தது. கட்டுரைக்கு எனக்கே கொஞ்சம் அதிகம் என்று தோன்றும் மார்க் விழுந்தது. கேள்வி கேட்கும்போது என் பெஞ்சைத் தாண்டிப் போவார். பிரின்சிபால் அறையில் பேசுகிற குரலில் என்னிடம் பேசினார். வழியில் பார்த்தால் அவர்தான் முதலில் சிரிப்பார். இதை எழுதும்போது எனக்கு ஆத்திரமாக வருகிறது, ஆனால் அது அவர் மேல் இல்லை. பேனாவை மூடிக்கொண்டே இரண்டு பேரைக் கட்டிப் போட்ட பிரின்சிபால் ரிட்டயராகி, பாராட்டு விழா வாங்கிக்கொண்டு போனார். அப்பாவிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை. தன் பெண் ஒரு தடவை தானாகவே பொய்ச் செய்தி எழுதினாள் என்ற நினைப்போடுதான் அவர் கண்ணை மூடினார்.

ஒருநாள் வேண்டுமென்றே கட்டுரை எழுதாமல் வகுப்புக்குப் போனேன். எழுதாதவர்கள் எழுந்திருக்கச் சொன்னார் மிஸ். நானும் இன்னும் நாலு பேரும் எழுந்தோம். அவர்களை ஒவ்வொருவராக வாங்கு வாங்கென்று வாங்கி, வராந்தாவில் நிற்க வைத்தார். என்னிடம் வந்தார். நான் நேராக அவரைப் பார்த்தேன். திட்டுங்கள் மிஸ், ஒரே ஒரு தடவை.

"பரவாயில்லைம்மா. நாளைக்குக் கொண்டு வா. உட்காரு," என்றார்.

உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாக அந்த நாலு பேரும் தெரிந்தார்கள். வராந்தாவில் விழுந்த வெயிலில் ஒற்றைக் காலை மாற்றி மாற்றி நின்று ஒருவரையொருவர் கிள்ளிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்க்க எனக்கு அவ்வளவு பொறாமையாக இருந்தது.